எந்த இதயத்தைத் திறக்கலாம்?

1950-களின் தொடக்கத்தில், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய நோய்ப் பிரிவைக் கவனித்துவந்தவர் மருத்துவர் இங்கெ எட்லர். இந்த நோயாளியை அறுவைக்கு அனுப்பலாமா, கூடாதா என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது.

சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், சிலருக்கு மூட்டுவலியோடு போய்விடாது. இதயத்தையும் பதம் பார்த்துவிடும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வின் இதழ்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழி சுருங்க, ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். 1948-இல் அமெரிக்காவில் அறுவை மருத்துவர்கள் சார்லஸ் பெய்லியும் டுவைட் ஹார்க்கனும் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் புகுந்து இந்த ஒட்டலைப் பிரித்துவிட முடியும் என்று காட்டினார்கள். அதுவரை கைவிடப்பட்டிருந்த நோயாளிகளுக்கு ஒரு வழி பிறந்தது.

ஆனால் அதே காய்ச்சல் சிலருக்கு வால்வைச் சரியாக மூடவிடாமல் செய்து, ரத்தத்தைப் பின்னோக்கி ஒழுகவிடும். ஒழுகும் வால்வை இன்னும் விரித்துவிட்டால் நோயாளியின் நிலைமை மோசமாகும். பலருக்குச் சுருக்கமும் ஒழுக்கும் கலந்தே இருந்தன. எது மிகுதி? ஸ்டெதாஸ்கோப் உறுதியாகச் சொல்லாது. எக்ஸ்ரேயில் இதயத்தின் வெளிவிளிம்புதான் தெரியும். உள்ளே இருக்கும் வால்வும் ரத்தமும் ஒரே நிழலாக விழும். ரத்தக் குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை.

ரேடார்போல எதையாவது வைத்து இதயத்துக்குள் பார்க்க முடியுமா என்று எட்லர் விசாரித்தார். அந்த விசாரணை அவரைக் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளரிடம் கொண்டுசேர்த்தது. ஹெர்ட்ஸின் தந்தை குஸ்தாவ் 1925-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். ரேடியோ அலை இதற்கு உதவாது, மீயொலி உதவலாம் என்றார் மகன். அருகிலிருந்த மால்மோ நகரின் கோக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் அப்படிப்பட்ட கருவி ஒன்று இருந்தது. வாங்கும் முன் பானையைத் தட்டிப் பார்த்து விரிசலை அறிகிறோமே, அதுபோல உலோகத்துக்குள் ஒலியை அனுப்பி, பற்றவைப்பில் உள்ள குறையைக் கண்டுபிடிக்கும் கருவி அது. 1953 மே மாதம் அதை ஒரு வார இறுதிக்கு இரவல் பெற்று ஹெர்ட்ஸ் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு எதிரொலி இதயத் துடிப்போடு முன்னும் பின்னும் அசைந்தது.

பிறகு சீமென்ஸ் நிறுவனத்திடமிருந்து ஒரு கருவி கிடைத்தது. அதைக் கொண்டு 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் அசைவை முதன்முறையாகத் தொடர்ச்சியாகப் பதிவுசெய்தார்கள்.

கருவியின் முனையில் உள்ள படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்ந்து ஒலியை எழுப்பும். நமக்குக் கேட்கும் உச்சவரம்பு நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள்தான். அதைத் தாண்டிய இந்த மீயொலி மென்திசுக்களுக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். தசையும் ரத்தமும் சந்திக்கும் எல்லை போன்ற இடங்களில் ஒரு பகுதி திரும்பி வரும். போய்வந்த நேரம் தெரிந்தால் ஆழம் தெரியும். 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி வர நொடியில் சுமார் 8,000-இல் ஒரு பங்கு நேரம் போதும். காற்றும் எலும்பும் ஒலியை மறித்துவிடும் என்பதால் மார்பெலும்பை ஒட்டி, விலா எலும்புகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

அன்று எட்லருக்குக் கிடைத்தது இன்று நாம் பார்ப்பதுபோன்ற படம் அல்ல. ஏறி இறங்கும் சில கோடுகள். எந்தக் கோடு எந்த உறுப்புக்கு உரியது? மிகத் துடிப்பாக அசைந்த கோட்டை இடது மேலறையின் சுவர் என்றே முதலில் கருதினார்கள். அதைச் சரிபார்க்க எட்லர் எடுத்த முயற்சிதான் அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது. மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் பரிசோதித்து, ஒலி நெஞ்சின் எந்த இடத்தில், எந்தத் திசையில் நுழைந்தது என்று குறித்துவைத்தார். அவர்கள் இறந்த பிறகு, பனிக்கட்டி உடைக்கும் கூரிய ஊசியை அதே இடத்தில் அதே திசையில் செலுத்தி, அது எதைத் தொடுகிறது என்று பிரேதப் பரிசோதனையில் பார்த்தார். ஊசி காட்டியது சுவரை அல்ல, மைட்ரல் வால்வின் முன் இதழை. வால்வு சுருங்கியவர்களுக்கு அந்த இதழ் திரும்பி மூடும் வேகம் குறைகிறது என்பதும் கோட்டின் சரிவிலிருந்து தெரிந்தது. கண்டுபிடிப்பு என்று நாம் கொண்டாட வேண்டியது இதைத்தான். கருவியை இரவல் வாங்கிவிடலாம். அது காட்டுவது இன்னதுதான் என்று நிரூபிக்கப் பிணவறையில் பொறுமையாக வேலைசெய்ய ஒரு மருத்துவர் வேண்டியிருந்தது.

உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1960-இல் ரோமில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் எட்லர் தன் முறையைத் திரைப்படமாகவே காட்டினார். அமெரிக்காவில் ஹார்வி ஃபைகன்பாம் 1963 முதல் இதைக் கையிலெடுத்துப் பரப்பினார். 1970-களில் கோடுகள் அசையும் படமாயின. 1980-களில் ரத்த ஓட்டம் வண்ணத்தில் தெரிந்தது. பதிவுகளை நல்ல முறையில் அச்சிடும் தேவையிலிருந்து ஹெர்ட்ஸ் இங்க்ஜெட் அச்சுமுறையின் முன்னோடிகளில் ஒருவராகவும் ஆனார். எட்லருக்கும் அவருக்கும் 1977-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. எட்லர் 2001-இல், 90-ஐ எட்டும் தறுவாயில் காலமானார்.

ருமாட்டிக் இதய நோய் சுவீடனில் அரிதாகிவிட்டது. இந்தியாவில் இன்னும் இருக்கிறது, இளம் பெண்களை அதிகம் தாக்குகிறது. ஜப்பானின் கான்ஜி இனோவே 1984-இல் அறிவித்த பலூன் முறையால் பலருக்கு இன்று நெஞ்சைத் திறக்காமலே வால்வை விரிக்கிறார்கள். இதழ்கள் வளைந்துகொடுக்கின்றனவா, ஒழுக்கு எவ்வளவு, மேலறையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று, எக்கோ எனப்படும் இந்த மீயொலிப் பரிசோதனையில் பார்த்த பிறகே அந்த முடிவு எடுக்கப்படுகிறது.

இதய மருத்துவத் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.டி., அதன்மேல் மூன்றாண்டு டி.எம். இதயவியல் என்று நீண்ட பாதையில் நடக்கிறார்கள். அந்த ஆண்டுகளில், தாங்கள் எக்கோவில் எழுதிக்கொடுத்ததை அறுவை அரங்கில் திறந்த இதயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். வேலைப் பளுவில் முதலில் கைநழுவுவது அந்த நேரம்தான். பயிற்சி அட்டவணையிலேயே அதற்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும்.