விளையாட்டு ஏன் காக்க வைக்கிறது?

கணினி விளையாட்டு தொடங்கத் தாமதமானால், ரிச்சி தெருவில் விலையுயர்ந்த வரைகலை அட்டை வாங்கித் தரும்படி அப்பாவைக் கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!

படமும் ஒலியும் முதலில் சேமிப்பகத்திலிருந்து நினைவகத்திற்கு வந்தாக வேண்டும். வலிமையான கார் கூட உஸ்மான் சாலை நெரிசலில் ஊர்ந்துதானே செல்லும்! 1984-இல் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ, ஒலிநாடாவிலிருந்து விநாடிக்குச் சுமார் 120 பைட் படித்தது. 32 கிலோபைட்டுக்கு நான்கரை நிமிடம்!

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில், வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு நேரே வரச் சராசரியாக 4 மில்லிவிநாடி ஆகிறது. ஆயிரம் முறை தேடினால் 4 விநாடி வீண். மின்னணுச் சில்லுகளாலான எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை.

ஒரு சோதனை: விளையாட்டை மூடி, கணினியை அணைக்காமல் மீண்டும் திறவுங்கள். இம்முறை விரைந்து வந்தால், தகவல் நினைவகத்திலேயே தங்கியிருந்தது என்று பொருள். தாமதத்திற்குக் காரணம் தட்டு, அட்டையன்று!