டாக்டர் வேலையோடு எம்.பி.ஏ... ஃபீஸ் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு என்ன?

காலையில் வார்டு ரவுண்ட்ஸ், மதியம் வரை ஓ.பி., மாலையில் கிளினிக். இதற்கு நடுவில் லேப்டாப்பைத் திறந்து பேலன்ஸ் ஷீட் படிக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், எம்.டி. மூணு வருஷம் என்று படித்து முடித்தவர்களுக்குத் திரும்பவும் எதற்கு எம்.பி.ஏ.? சேரும் முன் என்னென்ன கவனிக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

டாக்டருக்கு எதற்கு எம்.பி.ஏ.?

நோயைக் கண்டுபிடிக்கவும் குணப்படுத்தவும் மருத்துவப் படிப்பு சொல்லித் தருகிறது. ஆனால், சொந்தமாக நர்சிங் ஹோம் நடத்துபவரும், துறைத் தலைவராக உயர்பவரும் சம்பளம், மருந்து ஸ்டாக், இன்சூரன்ஸ் க்ளெய்ம் என எல்லாவற்றையும் பார்த்தாகணும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கும். அந்தத் தொகைக்குள் செலவு அடங்குமா என்பது கணக்கு தெரிந்தால்தான் புரியும்.

ஓர் உதாரணம். 20 படுக்கை கொண்ட மருத்துவமனையில் ஒரு நோயாளி சராசரியாக 4 நாள் தங்கினால், மாதத்துக்கு அதிகபட்சம் 150 பேரைச் சேர்க்கலாம். அது 3 நாளாகக் குறைந்தால் 200 பேர். ஒரு கட்டில்கூட கூடுதலாகப் போடாமல் 50 பேருக்கு இடம் கிடைக்கிறது.

இங்கேதான் கவனம் தேவை. லேப் ரிப்போர்ட் தாமதம், டிஸ்சார்ஜ் சம்மரி ரெடியாகவில்லை என்பதற்காக வீணாகும் ஒரு நாளை மிச்சப்படுத்தினால் அது நல்ல நிர்வாகம். குணமாகாதவரை வீட்டுக்கு அனுப்பி நாளைக் குறைத்தால் அது ஆபத்து. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர் நிர்வாக நாற்காலியில் இருந்தால் நோயாளிக்குத்தான் லாபம்.

என்னென்ன வழிகள் இருக்கு?

வேலையை விடாமல் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வார இறுதி வகுப்பு. பெங்களூரு ஐ.ஐ.எம். வேலையில் இருப்பவர்களுக்காக இப்படியொரு 2 ஆண்டு படிப்பை நடத்துகிறது. இன்னொன்று, தொலைநிலை அல்லது ஆன்லைன் எம்.பி.ஏ. இக்னோ பல்கலைக்கழகத்தில் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4 ஆண்டுக்குள் முடிக்கலாம். டிகிரி அளவுக்கு வேண்டாம் என்பவர்களுக்கு, மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலை டிப்ளமோவும் அங்கே இருக்கிறது.

ஒரு குழப்பம் வேண்டாம். எம்.பி.ஏ. மருத்துவத் தகுதி கிடையாது. அதைப் படித்தால் ஸ்பெஷலிஸ்ட் ஆக முடியாது. நீட் பி.ஜி. எழுதிச் சேரும் எம்.டி. மருத்துவமனை நிர்வாகம் என்பது தனிப் படிப்பு. அது 3 ஆண்டு, முழு நேரம்.

நேரம் இருக்கா?

'பார்ட் டைம்' என்றதும் ஈஸி என்று நினைத்துவிடக் கூடாது. தொலைநிலைப் படிப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 100 கிரெடிட் கொண்ட படிப்பு என்றால் 3,000 மணி நேரம். 2 ஆண்டில் முடிக்க வாரத்துக்குச் சுமார் 29 மணி நேரம், 4 ஆண்டில் முடிக்க 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நைட் டூட்டி பார்ப்பவர் இந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? தூக்கத்தில் இருந்து எடுத்தால், அந்தக் களைப்பு மறுநாள் நோயாளி முன்னால்தான் வந்து நிற்கும். அதனால் அவசரப்படாமல் 3, 4 ஆண்டாகப் பிரித்துப் படிப்பதே பலருக்கும் நல்லது.

ஏமாறாமல் இருக்க...

'எக்ஸிகியூட்டிவ்' என்ற பெயரில் வருவதெல்லாம் டிகிரி இல்லை. பல படிப்புகளுக்குச் சான்றிதழ் மட்டுமே கிடைக்கும். தொலைநிலை, ஆன்லைன் படிப்பு என்றால் யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் படிப்பும் இருக்கிறதா என்று பார்க்கணும். எட்டெக் நிறுவனங்களுடன் ஃபிரான்சைஸ் முறையில் பல்கலைக்கழகங்கள் படிப்பு நடத்தக் கூடாது என்று 2022-லேயே யு.ஜி.சி. எச்சரித்துள்ளது. அரசு டாக்டர்கள் சேரும் முன் துறையிடம் அனுமதி வாங்கிவிடுவது பாதுகாப்பு.

எம்.பி.ஏ. இல்லாமல் முடியாதா?

முடியும் என்பதற்கு மதுரையே சாட்சி. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் ஜி.வெங்கடசாமி. ஒரு அறுவை சிகிச்சை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டரின் நேரம் ஒரு நிமிஷம்கூட வீணாகாது. அதனால் செலவு குறைந்து, ஏழைகளுக்கு இலவசமாகவும் சிகிச்சை கொடுக்க முடிந்தது. இதை ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலே பாடமாக்கியது.

அவர் எம்.பி.ஏ. படிக்கவில்லை. ஆனால், கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த ஆர்.டி.துளசிராஜை நிர்வாகத்துக்கு அழைத்து வந்தார்.

ஆக, ஒரு டாக்டர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நிர்வாகத்தைத் தானே கற்றுக்கொண்டு செய்யணுமா, இல்லை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோயாளியைக் கவனிக்கணுமா? இதற்குப் பதில் தெரிந்த பிறகு விண்ணப்பம் போட்டால் பணமும் மிச்சம், தூக்கமும் மிச்சம்.