மானுக்குப் புழு நீக்க நிலத்தைக் கவனியுங்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் பழைய சந்தையான வுச்சீரியாவில் இன்று கறிக்கடைகள் குறைந்துவிட்டன. மாலையானால் குடல் சுடும் புகைதான் சந்துகளில் நிறைகிறது. ரெனாட்டோ குட்டூசோ 1974-இல் வரைந்த சந்தை ஓவியத்தில், தோலுரித்த மாடு கண்ணைப் பறிக்கும்படி தொங்குகிறது. தொங்கும் கறி எந்த மேய்ச்சலில் வளர்ந்தது என்று கேட்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. மான்கறி, காட்டுப்பன்றிக்கறி என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

நகருக்குக் கிழக்கே இருக்கும் மடோனியே மலைத்தொடர் 1989-இல் பூங்காவானது. பரப்பு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். அங்கு மேயும் டாய்னோ மான்கள் அகன்ற தட்டைக் கொம்புள்ளவை, மனிதர் கொண்டுவந்து விட்டவை. சிசிலியின் ஓநாய் கடந்த நூற்றாண்டில் அற்றுப்போனது. துரத்தி இடம் மாற்ற ஆளில்லாத மானும் பன்றியும் பெருகின. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பூங்கா நிர்வாகம் திட்டம் போட வேண்டியதாயிற்று.

நெருக்கம் கூடினால் புழுவும் கூடும். குடற்புழுவின் முட்டை மானின் புழுக்கையோடு வெளியேறுகிறது. ஈரத்தில் பொரிந்த குஞ்சுப்புழு, பனி படிந்த புல்லில் சில சென்டிமீட்டர் ஏறிக் காத்திருக்கிறது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப, அடிப்புல் வரை மேயும் மான் அதை விழுங்குகிறது. ஆடு, செம்மறியோடு புல்வெளியைப் பகிர்ந்தால் சில புழுக்கள் இரு பக்கமும் தாவும்.

உப்புக்கட்டியில் மருந்து கலந்து வைத்தால் போதாதா? போதாது. எந்த மான் எவ்வளவு நக்கியது என்று யாருக்கும் தெரியாது. மருந்தின் எச்சம் கறியிலும் தங்கலாம். ஐவர்மெக்டின் என்னும் புழுமருந்து கலந்த சாணத்தில் சாணி வண்டின் குஞ்சுகள் மடிகின்றன. சாணத்தைப் பிய்த்து உலர்த்திப் புழுவைக் குறைக்கும் வண்டையே கொன்றுவிட்டு எந்தப் புழுவை ஒழிப்பது?

நிலத்தில் செய்யக்கூடியவை நிறைய. முதல் வேலை, மான்களின் எண்ணிக்கையைப் புல்லின் அளவுக்குக் கொண்டுவருவது. ஒரே இடத்தில் தீவனம் கொட்டிக் கூட்டம் சேர்க்கக் கூடாது. மந்தையை மாற்றி மாற்றி மேய்த்து, புல்வெளிக்கு ஓய்வு தர வேண்டும். நீர்த்தொட்டியைச் சுற்றிக் கல் பாவினால் சேறு போகும். சேறு போனால் ஈரல் தட்டைப்புழுவைச் சுமக்கும் நத்தையும் குறையும். குதிரையை இடையே மேயவிடலாம்: மான்புழுக்களில் பெரும்பாலானவை அதன் வயிற்றில் பிழைப்பதில்லை. சிசிலியில் செந்நிறப் பூ பூக்கும் சுல்லா என்னும் தீவனச் செடியும் உண்டு. அதன் துவர்ப்புச் சத்து புழுவைக் குறைப்பதை நியூசிலாந்தில் செம்மறிக்குட்டிகளை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டின. அந்த மண்ணின் செடியையே இந்த வேலைக்குப் பயன்படுத்துவதுதான் நியாயம்.

மந்தையையும் காட்டையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இந்தியாவில் ஒரு சட்டப்பிடி இருக்கிறது. சரணாலயத்திலும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வனஉயிரினக் காப்பாளரின் கடமை என்கிறது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவு. தடுப்பூசி புழுவைத் தடுக்காது. ஆனால் மந்தையின் நோயும் காட்டின் நோயும் ஒரே கணக்கு என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இத்தாலியில் 1992-ஆம் ஆண்டின் 157-ஆம் சட்டப்படி காட்டு விலங்குகள் அரசின் உடைமை. 853/2004 என்ற ஐரோப்பிய விதிப்படி, வேட்டையில் கிடைத்த பெரிய விலங்கைப் பயிற்சி பெற்றவர் பார்வையிட்டு, அங்கீகாரம் பெற்ற கூடத்தில் கால்நடை மருத்துவர் சோதித்த பிறகே கறி கடைக்கு வர வேண்டும். வேட்டைக்காரர் நேரடியாக விற்கும் சிறு அளவுக்கு மட்டும் விலக்கு. கறி யாரிடமிருந்து வந்தது என்பதை, அதிகாரி கேட்டால் கடைக்காரர் காட்டியாக வேண்டும். சந்தேகம் வந்தால் மாகாண சுகாதார நிறுவனத்தின் கால்நடைப் பிரிவிடம் புகார் செய்யலாம். வீட்டில் கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை வேகட்டும். கர்ப்பிணிகள் அரைவேக்காட்டுக் கறியைத் தொடவே வேண்டாம்.

புல்லில் காத்திருப்பது புழு மட்டுமல்ல: பலெர்மோவில் புனித ரொசாலியாவின் குகைக்காகப் பெல்லெகிரீனோ மலை ஏறும் ஈழத்தமிழர்கள் உண்ணியையும் கவனிக்க வேண்டும். கடித்திருந்தால் எண்ணெய் ஊற்றாமல், தீ வைக்காமல், சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பிறகு காய்ச்சலும், கடித்த இடத்தில் கறுத்த பொருக்கும் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். வதிவிட அனுமதி இல்லாதவருக்கும் அவசர, அத்தியாவசிய சிகிச்சை உண்டு. அதற்கான எஸ்டிபி எண்ணை மருத்துவமனையிலேயே பெறலாம். சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றி, சட்டம் கட்டாயமாக்கிய சில நிலைகள் தவிர, போலீசுக்குத் தெரிவிக்கக் கூடாது என்று 1998-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், 35-ஆம் பிரிவில் சொல்கிறது.