உங்களுக்குத் தெரியுமா? முகத்துக்குள் ஒரு முகம்

கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாக்குவாக்காவாக்கு பழங்குடியினரின் சில மர முகமூடிகளுக்கு இரண்டு முகங்கள்! ஆடுபவர் கயிற்றை இழுத்ததும் வெளியே இருக்கும் பறவை முகம் பிளந்து, உள்ளிருந்து மனித முகம் எட்டிப்பார்க்கும். அருங்காட்சியகத்தில் அசையாமல் இருக்கையில் இந்த அற்புதம் புலப்படாது. ஆடும்போதுதான் அது உயிர்பெறுகிறது.

இம்முகமூடிகளை அணிந்து ஆடும் இவர்களின் 'பாட்லாட்ச்' விழாவுக்கு 1885 முதல் 1951 வரை கனடா அரசு தடை விதித்திருந்தது. 1921-இல் நடந்த ஒரு பெரிய விழாவை அடுத்து முகமூடிகள் மொத்தமாகப் பறிக்கப்பட்டன. நீண்ட போராட்டத்துக்குப் பின் மீண்டவற்றில் பல, 1980-இல் அலர்ட் பே ஊரில் திறக்கப்பட்ட உமிஸ்தா பண்பாட்டு மையத்தில் இருக்கின்றன. முன்பு, எதிரிகளிடம் சிறைப்பட்டவர்கள் வீடு திரும்புவதைத்தான் 'உமிஸ்தா' என்பார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!