மரப் பொந்தில் இருந்த பரிசுகள்

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு ஓடி வருகிற வழியில் ஓர் ஓக் மரம். அதன் அடிமரத்தில், சிறுமியின் கண்ணுக்குச் சற்று மேலே ஒரு பொந்து. அதற்குள் ஏதோ பளபளக்கிறது. கையை விட்டுப் பார்த்தால், ஜிகினாத் தாளில் சுற்றிய இரண்டு சூயிங் கம்! பிறகு ஒரு நாள் பழைய செப்புக் காசுகள் இரண்டு; ஒரு நூல் பந்து; அண்ணனையும் தங்கையையும் போலவே சோப்புக் கட்டியில் செதுக்கிய இரண்டு பொம்மைகள்; ஒரு பதக்கம்; ஓடாத பாக்கெட் கடிகாரம் ஒன்று. வைத்தவர் யார் என்று தெரியவில்லை. யாராயிருந்தாலும் நன்றி சொல்ல வேண்டுமே என்று குழந்தைகள் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போகிறார்கள். போய்ப் பார்த்தால், பொந்தில் சிமெண்டு பூசி அடைத்திருக்கிறது.

அமெரிக்காவில் 1960-ம் வருஷம் ஜூலை மாதம் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்ற நாவலில் வருகிற காட்சி இது. எழுதியவர் ஹார்ப்பர் லீ. தெற்கே அலபாமா ராஜ்யத்தில் மன்ரோவில் என்ற சிற்றூரில் 1926-ல் பிறந்தவர்; தகப்பனார் வக்கீல். முதல் நாவலுக்கே 1961-ல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. அதன் பிறகு ஐம்பது வருஷங்களுக்கு மேல் அவரிடமிருந்து வேறு நாவல் வரவில்லை. உலகமெங்கும் நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம் இது.

கதை நடப்பது 1930-களில், மேகோம் என்ற கற்பனை ஊரில். கதை சொல்லுபவள் ஸ்கவுட் என்ற சிறுமி. தொடங்கும்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அண்ணன் ஜெம் அவளுக்கு நான்கு வயது மூத்தவன். தாய் இல்லாத குழந்தைகள். தகப்பனார் அட்டிகஸ் பின்ச் ஊரில் மதிப்புள்ள வக்கீல்.

பாவம் எது?

கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளுக்குக் காற்றுத் துப்பாக்கி வாங்கித் தருகிறார் தகப்பனார். கூடவே ஒரு நிபந்தனை: மாக்கிங்பேர்டை மட்டும் சுடக்கூடாது, அது பாவம் என்கிறார். எதையும் பாவம் என்று அவர் சொல்லிக் கேட்டதே இல்லை என்பதால் ஸ்கவுட்டுக்கு ஆச்சரியம். எதிர் வீட்டு மாடி அம்மாளிடம் (மாடி என்பது பெயர்தான்) போய்க் கேட்கிறாள். அந்தப் பறவை தோட்டத்தை அழிப்பதில்லை, தானியக் களஞ்சியத்தில் கூடு கட்டுவதில்லை, பாடுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும் என்று விளக்குகிறாள் அந்த அம்மாள். மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் கேட்டுக் கேட்டு அப்படியே பாடுகிற பறவை அது. தென் ராஜ்யங்களில் வீட்டுத் தோட்டந்தோறும் காணலாம்.

நாவலின் பெயர் இந்த ஒரு பேச்சிலிருந்து வந்தது. யாருக்கும் கெடுதல் செய்யாத ஜீவனைக் காரணமின்றிக் கொல்வது என்ற எண்ணம் கதை முழுவதும் பின்தொடர்கிறது. அந்தப் பறவைக்கு ஒப்பானவர்கள் கதையில் இருவர். ஒருவர் மரப் பொந்தில் பரிசு வைத்தவர். மற்றவர் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்.

வீட்டை விட்டு வராத மனிதர்

பூ ராட்லி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ‘பூ’ இங்கே மலர் அல்ல. நம் ஊர்ப் பூச்சாண்டிக்கு உறவு. இளமையில் செய்த ஒரு குறும்புக்காகத் தகப்பன் அவரை வீட்டுக்குள்ளேயே அடைத்துவிட்டான்; வருஷக்கணக்காக யாரும் பார்த்ததில்லை. அணிலையும் பூனையையும் பச்சையாகத் தின்கிறார் என்றுகூட ஊரில் பேச்சு. அவரை வெளியே இழுத்துவிட வேண்டும் என்பதே பிள்ளைகளின் விளையாட்டு.

ஒரு நாள் இரவு அந்த வீட்டு வேலியில் ஜெமின் கால்சட்டை மாட்டிக்கொள்ள, அதை விட்டுவிட்டு ஓடி வருகிறான். எடுக்கத் திரும்பிப் போனால், சட்டை தைக்கப்பட்டு, மடித்து வேலி மேல் வைத்திருக்கிறது. பழக்கமில்லாத கை போட்ட கோணல் தையல். பின்னர் மாடி அம்மாளின் வீடு பற்றி எரிந்த பனி இரவில், தெருவில் நடுங்கி நின்ற ஸ்கவுட்டின் தோளில் யாரோ கம்பளியைப் போர்த்திவிட்டுப் போகிறார்கள். அவளுக்கே அது தெரியவில்லை.

பொந்தில் சிமெண்டு பூசியவர் பூவின் அண்ணன். மரத்துக்கு நோய் என்று காரணம் சொன்னார். தகப்பனாரை விசாரித்தால், இலை பச்சென்று இருக்கிறதே, மரத்துக்கு என்ன கேடு என்கிறார். அன்று மாலை ஜெம் வாசலில் வெகுநேரம் நிற்கிறான். உள்ளே வரும்போது அழுத முகம். ஏன் அழுதான் என்று ஆசிரியை எழுதவில்லை. பெரியவர்கள் பொய் சொல்லி ஓர் அன்பை அடைக்கக்கூடும் என்பதைப் பையன் தெரிந்துகொண்ட நாள் அது. நாவலில் வழக்கு விசாரணையைவிட இந்த இடமே உயர்ந்தது என்று சொன்னாலும் தகும்.

இரக்கப்பட்டது குற்றம்

டாம் ராபின்சன் கறுப்பர். மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ளவர். மயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கற்பழித்ததாக அவர் மேல் பிராது. வாதாட வருகிறார் அட்டிகஸ். அடிபட்டது பெண்ணின் முகத்தில் வலது பக்கம். அடித்தவன் இடது கைக்காரன். டாமின் இடது கையோ சிறுவயதில் பருத்தி அரைக்கும் இயந்திரத்தில் சிக்கிச் சூம்பிப் போனது. பெண்ணின் தகப்பன் இடது கைக்காரன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் வழக்கைத் திருப்பியது வேறொன்று. கூலி வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசாங்கத் தரப்பு வக்கீல் மடக்குகிறார். அவள்மீது பரிதாபம் வந்தது என்று டாம் உண்மையைச் சொல்லிவிடுகிறார். சபை திடுக்கிடுகிறது. வெள்ளைக்காரியைப் பார்த்துக் கறுப்பன் இரக்கப்படுவதா! பொய்ச் சாட்சியைவிட அந்த ஒரு சொல்தான் அவருக்குக் கேடாய் முடிந்தது.

அந்தப் பெண்ணும் வெறும் பொய்க்காரி அல்ல என்பதை ஆசிரியை மறக்கவில்லை. குப்பைமேட்டு ஓரத்தில் குடிகாரத் தகப்பனோடு இருப்பவள். அந்த அலங்கோல முற்றத்தின் ஒரு மூலையில், உடைந்த ஆறு எனாமல் சட்டிகளில் சிவப்பு ஜெரேனியம் பூச்செடிகளை அருமையாக வளர்க்கிறாள். தம்பி தங்கைகள் ஏழு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்க ஒரு வருஷம் காசு சேர்த்தவள். அந்தச் செடிகளை நினைத்துக்கொண்டு அவள் சாட்சியத்தைப் படித்தால், கோபமும் பரிதாபமும் ஒருங்கே வரும்.

ஜூரர்கள் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தார்கள். சிறையிலிருந்து தப்ப முயன்ற டாமின் உடலில் பதினேழு குண்டுகள். இது வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 1931-ல் அதே அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் கறுப்பு இளைஞர்கள் ஒன்பது பேர் இத்தகைய பொய்ப் பிராதில் அகப்பட்டார்கள்; முதல் விசாரணையில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தச் சின்னத்தில் ஒரு குறையும் உண்டு. பறவை என்றால் பாடும், சுட்டால் விழும், எதிர்த்துப் பேசாது. டாமைப் பறவையாக்கியதால், அவர் வீட்டில் என்ன பேசினார், எதற்குக் கோபப்பட்டார் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அமெரிக்காவில் கறுப்பர் இனத்து வாசகர்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அது நியாயமான குறைதான். 2015-ல் வெளியான லீயின் பழைய கையெழுத்துப் பிரதியில், முதுமையில் இதே அட்டிகஸ் நிறவேற்றுமையை ஆதரிப்பவராக வந்தபோது பலருக்கு அதிர்ச்சி.

பூச்சியும் பையனும்

வழக்கு முடிந்த பிறகு ஓர் இரவு. தொட்டால் சுருண்டுகொள்ளும் சின்னஞ்சிறு பூச்சி ஒன்று தரையில் ஊர்கிறது. ஸ்கவுட் நசுக்கப் போகிறாள். ஜெம் தடுக்கிறான், அது உனக்கு எந்தத் தொந்தரவும் செய்யவில்லையே என்கிறான். பெண்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான் என்று நினைக்கிறாள் தங்கை. தகப்பனார் பறவையைப் பற்றிச் சொன்னதைப் பையன் பூச்சியளவுக்குக் கொண்டுபோய்விட்டான் என்பது அவளுக்கு விளங்க இன்னும் சில மாதங்கள் ஆகின்றன.

அக்டோபர் கடைசியில், இருட்டில் வீடு திரும்பும் குழந்தைகளைக் கொல்ல வருகிறான் அந்தக் குடிகாரத் தகப்பன். ஜெமின் கை ஒடிகிறது. (அவனுக்கும் இடது கைதான், ஆசிரியை இதைத் தற்செயலாகவா வைத்தார்?) காப்பாற்றுகிறவர் வீட்டை விட்டு வராத பூ ராட்லி. கத்திக் குத்தில் செத்துக் கிடக்கிறான் வந்தவன். ஷெரீப் ஒரே பிடிவாதமாக, அவன் தன் கத்தி மேல் தானே விழுந்தான் என்று எழுதப் போகிறேன் என்கிறார். கூச்சமுள்ள அந்த மனிதரை ஊர் நடுவே இழுத்து நிறுத்துவதுதான் பாவம் என்பது அவர் எண்ணம். சட்டப்படி நடக்கவேண்டும் என்று தயங்குகிற தகப்பனாருக்கு, அது மாக்கிங்பேர்டைச் சுடுவது போலாகுமே என்று எடுத்துச் சொல்லுபவள் ஸ்கவுட்.

பிறகு அவர் கையைப் பிடித்து வீடு வரை கொண்டுபோய் விடுகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. மறுபடி அவரைப் பார்க்கவே இல்லை. அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து திரும்பிப் பார்க்கிறாள். தெரு முழுவதும் தெரிகிறது. அத்தனை வருஷமும் அவர் எங்கிருந்து தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிகிறது. பொம்மை, கடிகாரம், காசு, கடைசியில் உயிர் என்று எவ்வளவோ கொடுத்தவருக்குத் தாங்கள் அந்த மரத்தில் பதிலுக்கு ஒன்றுமே வைக்கவில்லை என்ற நினைவு வந்து, துக்கத்தோடு வீட்டுக்கு நடக்கிறாள்.