செவ்வாயில் ஒரு கடல் வரைந்தோம்

2023 ஜூனில் ரொறன்ரோ வானம் புகையால் மங்கிக் கிடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கியூபெக் காடுகள் எரிந்த புகை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இடைவேளைக்கும் வெளியே விடவில்லை. அன்று பின்னேரம் என் மகன் கேட்டான்: "அம்மா, இங்க இருக்கேலாமல் போனா நாங்கள் செவ்வாய்க்குப் போகலாம்தானே?" அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பிள்ளை பயப்படக் கூடாதே என்று, "ஓம் ராசா, போகலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அது எவ்வளவு பெரிய பொய் என்பது பின்னர் ஒரு மாரி விடுமுறையில்தான் எனக்கே விளங்கியது. இருவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து செவ்வாய்க்குக் கடல் வரைந்து பார்த்தோம்.

கடல் எங்கே வரும்?

வரைவது சுகம். நாசாவின் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் 1999 முதல் 2001 வரை செவ்வாயின் மேடு பள்ளங்களை லேசர் கதிரால் 60 கோடிக்கும் மேற்பட்ட தடவை அளந்தது. அந்த அளவுகளைக் கொண்டு செய்த வண்ண வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பள்ளம் நீலம், மேடு சிவப்பு. அதை அச்செடுத்து, ஏதாவது ஓர் உயரத்தைக் கடல்மட்டம் என்று வைத்து, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் நீலமாகத் தீட்ட வேண்டியதுதான். நாங்கள் பூச்சியம் மீற்றரை எடுத்துக்கொண்டோம்.

வடக்கு முழுக்க ஒரே கடலாகிவிட்டது. தெற்கு பெரும்பாலும் மேட்டுநிலம். அங்கே ஹெலஸ் என்ற பெரும் பள்ளம் தனிக் கடலாக நின்றது. சுமார் 2,300 கிலோமீற்றர் அகலம், 7 கிலோமீற்றர் ஆழம். மகன் அதற்கு வைத்த பெயர் 'தாச்சிக் கடல்'. ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் நீளமான மரினர் பள்ளத்தாக்குக்குள் தண்ணீர் புகுந்து ஒரு நீண்ட குடாவானது. 22 கிலோமீற்றர் உயரமான ஒலிம்பஸ் மலை கடற்கரைக்குக் கிட்ட வந்தது. குடா, நீரிணை, தீபகற்பம் என்று நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்து மறந்த சொற்களெல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்தன.

மழை எங்கே பெய்யும்?

அடுத்ததாக, நிலம் முழுவதற்கும் பச்சை தீட்டப் போனான். பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா மறித்தார்.

"நில்லு அப்பன், காத்து எந்தப் பக்கத்தால வருது?"

பிறகு யாழ்ப்பாணத்துக் கதை சொன்னார். சோளகம் வீசும் காலத்தில் கொழும்புப் பக்கம் மழை கொட்டும். நடுவில் உள்ள மலைகளில் மோதி எல்லாத்தையும் அங்கேயே இறக்கிப்போட்டு, "எங்களிட்ட வெறுங்கையோட வரும்." யாழ்ப்பாணத்துக்கு மழை வாடைக் காற்றுக் காலத்தில்தான்.

அந்தக் கணக்கைச் செவ்வாய்க்கும் போட்டோம். பூமி சுழலும் அதே திசையில்தான் செவ்வாயும் சுழல்கிறது. ஆகவே நடுக்கோட்டை ஒட்டிய காற்று அங்கேயும் பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும் என்று வைத்துக்கொண்டோம். அது தார்சிஸ் மேட்டுநிலத்தில் மோதினால் கிழக்குச் சரிவு பச்சை, மேற்குச் சரிவு வறட்சி. தெற்கின் உட்பகுதி கடலுக்கு வெகு தூரம் என்பதால் அதற்கு மண்ணிறம். அச்சுச் சாய்வு 25 பாகை, பூமியைப் போலத்தான். ஆண்டு மட்டும் 687 நாள். "அப்ப விண்டர் அஞ்சாறு மாசமா?" என்று தலையில் கை வைத்தான்.

காற்று எங்கே?

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். "இந்தக் கடலை உண்மையா எப்பிடிச் செய்யிறது?" என்று கேட்டான். இருவரும் தேடி வாசித்தோம்.

செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ஊற்றும் தண்ணீர் கொதித்தபடியே உறையத் தொடங்கிவிடும். ஆகவே கடலுக்கு முதல் காற்று வேண்டும். கரியமில வாயுவை நிரப்பிக் கோளைச் சூடாக்கலாம் என்பது பழைய கனவு. புரூஸ் ஜகோஸ்கி, கிறிஸ்தோபர் எட்வர்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 2018-இல் அதைக் கணக்குப் பார்த்தார்கள். துருவப் பனி, மண், பாறை என்று கைக்கு எட்டுவதையெல்லாம் சேர்த்தாலும் பூமியின் காற்றழுத்தத்தில் 7 வீதமளவுக்குத்தான் வரும். இன்றைய தொழில்நுட்பத்தால் முடியாது என்பதே அவர்களின் முடிவு. முற்காலத்தில் செவ்வாய்க்கு இருந்த காற்றின் பெரும் பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது.

தண்ணீரும் அப்படித்தான். தென் துருவத்துப் பனி முழுவதையும் உருக்கிச் சமமாகப் பரப்பினால் செவ்வாயெங்கும் 11 மீற்றர் ஆழத்துக்கு நிற்கும். நாங்கள் தீட்டிய கடலுக்கு அது காணாது.

இங்கே நிலைமை நேர்மாறு. தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு பூமியின் காற்றில் மில்லியனுக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அங்கே செய்ய முடியாததை இங்கே யோசிக்காமலே செய்துகொண்டிருக்கிறோம்.

அவன் பென்சிலை வைத்துவிட்டான். "அப்ப நீங்கள் சொன்னது பொய்யா?"

"ஓம், பொய்தான். நீ பயப்படக் கூடாதெண்டு சொன்னனான்."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அம்மம்மாதான் சொன்னார்: "நாங்கள் வீட்டை விட்டிட்டு வந்தம். இன்னொரு வீடு கிடைச்சது. காத்தை விட்டிட்டு எங்க போறது?"

வரைபடம் இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. மூலையில் அவனே தமிழில் 'கற்பணை' என்று எழுதியிருக்கிறான். நான் எழுத்தைத் திருத்தவில்லை. வரைந்த அந்த ஒரு நாளில் மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் இருந்து தமிழில் காற்றையும் மழையையும் பற்றிப் பேசினோம். உங்கள் வீட்டிலும் வரைந்து பாருங்கள். ஆனால் கடைசிக் கேள்வி வரும்போது என்னைப் போல மழுப்பாமல் இருக்க ஆயத்தமாக இருங்கள்.

பிறகு வந்த கோடையிலும் ஒரு நாள் புகை வந்தது. செவ்வாய் பற்றிய பேச்சே வரவில்லை. அம்மம்மாவின் அறை யன்னலைச் சாத்திவிட்டு வந்து கேட்டான்: "அம்மா, ஃபர்னஸ் ஃபில்டர் கடைசியா எப்ப மாத்தினீங்கள்?"