பதற்றத்தை விலைபேசுவோர்: நோயாளர் குடும்பங்களைக் குறிவைக்கும் மோசடிகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே ஓர் இரவையேனும் கழித்தவர்கள், அந்த இரவு எவ்வளவு நீளமானது என்பதை அறிவார்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு திடுக்கிடும். கைப்பேசி ஒலித்தால் கை நடுங்கும். அப்படியோர் இரவில், தம் தாயாருக்காகக் காத்திருந்த ஒருவருக்கு விடியற்காலை ஐந்து மணியளவில் ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் தம்மைப் பணி மருத்துவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். தாயாரின் பெயர், வயது, படுக்கை எண் ஆகியவற்றைப் பிழையின்றிக் கூறினார். “அம்மாவுக்கு உடனே ஓர் ஊசி போட வேண்டும். மருந்து வெளியிலிருந்து வர வேண்டும். இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள். உள்ளே சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது, யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்” என்றார்.

அந்த மகன் 18,500 ரூபாய் அனுப்பினார். கூட்டுறவு வங்கியில் நகையை அடகு வைத்துக் கொண்டுவந்திருந்த பணம் அது. அவருக்கும் செவிலியர் அமர்ந்திருந்த மேசைக்கும் இடையே ஒரு கதவுதான் இருந்தது. தட்டிக் கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. அன்று காலை செவிலியரிடம் பேசியபோதுதான், அப்படியோர் ஊசியும் இல்லை, அப்படியொரு மருத்துவரும் இல்லை என்பது தெரியவந்தது. தமக்கை கடிந்துகொள்வாரே என்ற கூச்சத்தால் இரண்டு நாள் எவரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் எங்கள் உதவி மையத்துக்கு வந்தார். நாங்களும் அவரோடு அமர்ந்து புகார் அளித்தோம். அதற்குள் பணம் கைமாறிப் போயிருந்தது.

அவருடைய ஒப்புதலோடும், அடையாளத்தை வெளியிடாமலும் இதை இங்கே எழுதுகிறோம். அவர் அறியாமையால் ஏமாந்தவர் அல்லர். ஊரில் வரவு செலவுக் கணக்கைத் தெளிவாகப் பார்ப்பவர். உறக்கமின்மையும் அச்சமும் தனிமையும் ஒன்றுசேர்ந்தால், எத்தகைய தெளிவுடையவரும் ஒரு கணம் தடுமாறுவார். மோசடிக்காரர்கள் காத்திருப்பது அந்த ஒரு கணத்துக்காகவே.

விவரம் எப்படிக் கசிகிறது?

“என் தாயாரின் படுக்கை எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது?” என்று அந்த மகன் எங்களிடம் கேட்டார். நேர்மையாகப் பதில் சொல்வதாயின், வழிகள் பல. நாற்காலியில் வைத்துவிட்டுப் போன கோப்பு, தேநீர்க் கடையில் உரத்துப் பேசிய பேச்சு, உறவினர் குழுவில் அனுப்பிய மருத்துவச் சீட்டின் படம், குப்பைத் தொட்டியில் போட்ட பழைய ரசீது என எதிலிருந்தும் ஒரு பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் கிடைத்துவிடும். எங்கள் பக்கத்திலும் குறை இருந்தது. பார்வையாளர் பதிவேடு எவரும் புரட்டிப் பார்க்கும்படி மேசைமேல் திறந்தே கிடந்தது. இப்போது அதனை உள்ளே வைத்து, பணியாளரே எழுதுமாறு மாற்றியிருக்கிறோம். நீங்களும் நோயாளியின் அறிக்கைகளை நிலைத்தகவலாக இடுவதைத் தவிருங்கள். வேண்டாத தாள்களைக் கிழித்தபின் எறியுங்கள்.

ஒருவருக்கு உங்கள் விவரங்கள் தெரிந்திருப்பது, அவர் மருத்துவமனையைச் சேர்ந்தவர் என்பதற்குச் சான்றாகாது. எங்கள் மருத்துவரோ செவிலியரோ தொலைபேசியில் அழைத்துத் தனிப்பட்ட எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லமாட்டார்கள். பணம் கவுன்ட்டரில் மட்டுமே செலுத்தப்படும். செலுத்தியதற்கு ரசீது கிடைக்கும். ரசீது இல்லாத எந்தக் கட்டணமும் எங்கள் கட்டணம் அன்று.

தேடிக் கண்டெடுத்த எண்கள்

மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்ய விரும்புவோர், இணையத்தில் மருத்துவமனையின் எண்ணைத் தேடுகின்றனர். அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை மருத்துவமனையின் பெயரிலேயே பதிந்து வைத்திருப்பதுண்டு. அழைத்தால் மிகுந்த பணிவோடு பேசுவார்கள். பதிவுக் கட்டணம் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோதான் என்பார்கள். தொகை சிறிதாக இருப்பதால் ஐயம் எழுவதில்லை. ஆனால் அவர்கள் விரும்புவது அந்தப் பத்து ரூபாயை அன்று. அதைச் செலுத்துவதற்கென வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏ.பி.கே. கோப்பை நீங்கள் கைப்பேசியில் நிறுவினால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்களை அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே படிக்க முடியும். பின்னர் கணக்கு முழுவதும் அவர்கள் கையில்.

ஆகவே, முன்பதிவுக்கு உங்கள் வெளிநோயாளிச் சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். எவர் அனுப்பினாலும் செயலிக் கோப்பைத் திறவாதீர்கள். “கூடுதலாகச் செலுத்திய தொகையைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்” என்று கூறினாலும் செய்யாதீர்கள். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை; பணம் அனுப்புவதற்கே அது தேவை. பணம் தருவதாகச் சொல்பவர் ரகசிய எண்ணை இடச் சொன்னால், உங்கள் பணம் வெளியே போகப் போகிறது என்று பொருள்.

இலவசத்துக்கு விலை கூறும் இடைத்தரகர்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. இதில் சேர்வதற்குக் கட்டணம் கிடையாது. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்றிதழ் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை நேரில் அணுகலாம். ஆயினும், “ஒரே நாளில் அட்டை வாங்கித் தருகிறேன்”, “ஒப்புதல் விரைவாக வரச் செய்கிறேன்” என்று வாசலில் நிற்கும் சிலர் ஆயிரக்கணக்கில் கேட்கின்றனர். பணத்தோடு ஆதார் அட்டையின் நகலும் கைப்பேசி எண்ணும் அவர்களிடம் போய்விடுகின்றன. ஐயம் இருப்பின் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணான 1800 425 3993-ஐ அழையுங்கள். அல்லது மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் கேளுங்கள்.

அவசர ஊர்திக்காகத் தவித்து நிற்பவரிடம், “அந்த மருத்துவமனையில் படுக்கை இல்லை, வேறு நல்ல இடம் இருக்கிறது” என்று திசைதிருப்புவோரும் உண்டு. தரகுத் தொகைக்காகச் சொல்லப்படும் சொல் அது. படுக்கை உண்டா இல்லையா என்பதை மருத்துவமனையைக் கேட்டே முடிவு செய்யுங்கள். 108 அவசர ஊர்திக்குக் கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

குருதியும் உறுப்பும் விற்பனைக்கு அல்ல

அறுவை சிகிச்சைக்குக் குருதி தேவை என்று கேட்டதும் குடும்பம் கலங்குகிறது. அந்நேரத்தில், “என் பையன்கள் இருவர் இருக்கிறார்கள், ஆளுக்கு இவ்வளவு கொடுங்கள்” என்று ஒருவர் அருகில் வருவார். உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பை அடுத்து, பணத்துக்காகக் குருதி கொடுக்கும் முறை 1998 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. தடைக்குக் காரணம் அறம் மட்டும் அன்று. பணத்தை நாடி வருபவர் தம் நோயையும், அண்மையில்தான் குருதி கொடுத்ததையும் மறைக்கக்கூடும். அதன் விளைவு உங்கள் நோயாளியின் உடலைச் சேரும். குருதி வங்கி பெறுவது, பரிசோதித்துப் பாதுகாப்பதற்கான கட்டணம் மட்டுமே. கொடையாளர் கிடைக்கவில்லை எனில் எங்கள் குருதி வங்கிப் பணியாளரிடம் சொல்லுங்கள். தன்னார்வக் கொடையாளரைத் தேடித் தருவது எங்கள் பணிகளுள் ஒன்று.

சிறுநீரகத்துக்காகவும் கல்லீரலுக்காகவும் காத்திருப்போரின் துயரம் இன்னும் ஆழமானது. “பட்டியலில் உங்கள் பெயரை மேலே கொண்டுவருகிறேன்” என்று கூறிப் பல லட்சம் கேட்பவர்களால் எதையும் செய்ய இயலாது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகள், தமிழ்நாடு உடல் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலின்படியே பகிர்ந்தளிக்கப்படுகின்றன. உறுப்பை விற்பதும் வாங்குவதும், அதற்குத் தரகு பேசுவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் கொடுத்தவரும் இச்சட்டத்துக்கு விலக்கானவர் அல்லர்.

“முற்றிலும் குணமாகும்”

புற்றுநோயையும் நீரிழிவையும் வேரோடு போக்கும் மருந்து என்று காணொளிகளிலும் சுவரொட்டிகளிலும் விளம்பரங்கள் வருகின்றன. இந்நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இழக்கும் பணத்தைக் காட்டிலும் இங்கே எங்களை அஞ்சச் செய்வது இழக்கும் காலம். இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நீரிழிவுக் குழந்தைக்கு அதனை நிறுத்தினால், சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். தொடக்க நிலையில் கண்டறிந்த கட்டி, சில மாதம் சிகிச்சையின்றி இருந்தால் கைமீறக்கூடும். வேறு மருத்துவ முறையை நாட விரும்பினால் எங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். அவர் சினங்கொள்ளமாட்டார். நடந்துகொண்டிருக்கும் மருந்தை மட்டும் அவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

வார்டுக்குள் வரும் முகங்கள்

வெள்ளை மேலங்கியும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் கடையில் கிடைப்பவை. “ஸ்கேன் எடுக்க வேண்டும், நகைகளைக் கழற்றிக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறைவோர் உண்டு. ஸ்கேனுக்கு முன் நகையைக் கழற்றுவது உண்மையே. ஆனால் அதனை உங்கள் உறவினர் கையில்தான் கொடுக்க வேண்டும். படம் பதித்த அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பணியாளர் எவரும் அதனைத் தவறாக எண்ணமாட்டார். முன்பின் அறியாதவர் தரும் காப்பியையும் பிஸ்கட்டையும் மறுத்துவிடுங்கள். பிறந்த குழந்தையை, உதவும் மனத்தோடு கேட்பவராயினும் அந்நியரிடம் கொடுக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால்?

முதலில், உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கென நாடு முழுவதும் இயங்கும் உதவி எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்றப்படுவதற்கு முன் தகவல் சென்றால், அதனை முடக்கி மீட்கும் வாய்ப்பு உண்டு. இங்கே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. அடுத்து, உங்கள் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்திவையுங்கள். அழைப்பு வந்த எண், பரிமாற்ற எண், குறுஞ்செய்திகள் ஆகியவற்றை அழிக்காதீர்கள், அவையே சான்று. பின்னர் எங்கள் உதவி மையத்துக்கு வாருங்கள். புகார் எழுதத் துணை செய்வோம்; அதே எண் அடுத்த குடும்பத்தை அழைப்பதற்கு முன் பிறரையும் எச்சரிப்போம்.

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் தாய் உள்ளே கிடக்கும்போது பதறாதே என்று சொல்வது எளிது; பதறாமல் இருப்பது அரிது. எனவே உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. பதற்றம் இருக்கட்டும், பணம் அனுப்புமுன் அந்தக் கதவை ஒருமுறை தட்டுங்கள். நள்ளிரவாயினும் செவிலியரை எழுப்பிக் கேளுங்கள். உண்மையிலேயே அவசரமான மருந்து எனில், நீங்கள் கேட்கும் ஒரு நிமிடத்தால் சிகிச்சை தடைப்படாது. பணத்துக்காக அதனை நிறுத்திவைக்கவும் மாட்டோம்.

அந்தத் தாயார் நலம்பெற்று வீடு திரும்பினார். புறப்படும் நாளில் மகன் எங்களிடம், “அன்று காலையே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். அவள் கோபப்பட்டிருக்கமாட்டாள்” என்றார். பணம் போனதைவிட, அந்த இரண்டு நாள் தனியாகச் சுமந்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது. அப்படி எவரும் தனியாகச் சுமக்க வேண்டாம். உதவி மையம் தரைத்தளத்தில், பதிவு கவுன்ட்டருக்கு எதிரே, இரவும் பகலும் திறந்திருக்கிறது.